ரிங்கெபியும் பட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். தினமும் மெட்ரோவில் ரிங்கெபி, ஹுஸ்பி, டென்ஸ்டா என்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. 'பி' என்றால் கிராமமாம். சுற்றிலும் அடுக்குமாடிகள்தான்! இந்த 'பி' நம்முடைய 'பட்டி'யேதான் என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஒரு வாசகர், ஸ்டாக்ஹோம்

அன்புள்ள நண்பருக்கு,

பந்தயம் கட்டியிருந்தால் காபி உங்களுக்குத்தான்; 'பி'க்கும் 'பட்டி'க்கும் தொடர்பில்லை. குடியிருப்பதைக் குறிக்கும் பழைய நார்டிக் வினையிலிருந்து வந்தது 'பி'. முதலில் ஒற்றைப் பண்ணையைக் குறித்தது, அப்புறம் கிராமத்தை. டென்மார்க்கில் இன்று அதற்கு நகரம் என்று பொருள். வைக்கிங்குகள் என்ற பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் கையோடு கொண்டுபோனதால் இங்கிலாந்தில் கிரிம்ஸ்பியும் விட்பியும் இருக்கின்றன.

நீங்கள் பார்க்கும் அடுக்குமாடிகள் 1960களின் கடைசியிலும் 70களிலும் எழுந்தவை. அதற்குமுன் அந்த யெர்வா வெளி ராணுவப் பயிற்சித் திடல். அதற்கும் முன்னால் பண்ணைகள். பழைய பண்ணைப் பெயர்களையே புறநகர்களுக்கு வைத்துவிட்டார்கள். ரிங்கெபியில் இருப்பது 'ரிங்க்', அதாவது போர்வீரன். ஹுஸ்பி என்ற பெயர் அரசருக்குச் சொந்தமான பண்ணைகளுக்கு வழங்கியது. டென்ஸ்டாவின் 'ஸ்டா' வெறும் 'இடம்'தான்; மேலாரன் ஏரியைச் சுற்றி அப்படிப் பெயர்கள் ஏராளம், பெரும்பாலும் இரும்புக்காலத்தவை.

காதில் விழும் ஓசையை நம்பினால் ஸ்வீடன்காரர்களே ஏமாந்துபோவார்கள். ஆர்லாண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடென்சாலா இருக்கிறது. இன்றைய காதுக்கு 'ஓடின் தெய்வத்தின் மண்டபம்' என்று கேட்கும். இடைக்கால ஆவணத்தில் அது 'ஓடின்ஸ்ஹர்க்'. 'ஹர்க்' என்பது கற்குவியலாலான வழிபாட்டிடம். நம் ஆட்கள் பார்த்தால் 'சாலை' என்று எழுதிவிடுவார்கள், அது வேறு கதை. ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது ஆகப் பழைய எழுத்துவடிவத்தைத்தான்.

ஊர்ப்பெயர்களின் முடிவில் வரும் இன்னொரு சொல்லான 'டோர்ப்' எனக்குப் பிடித்தது. தாய்க் கிராமத்திலிருந்து பிரிந்துபோய்ப் போட்ட புதுப்பண்ணைதான் டோர்ப். பிற்காலத்தில் அது நிலமில்லாத குத்தகைக்காரனின் குடிசை ஆனது. இன்றைக்கோ, வார இறுதிக்குப் போய் இளைப்பாறும் சிவப்புச் சாயம் பூசிய வீடு. ஒரு காலத்து வறுமைக்கு இப்போது நல்ல விலை! தெற்கே, 1658 வரை டென்மார்க்கிடம் இருந்த ஸ்கோனேயில், அதே சொல் 'அர்ப்', 'ருப்' என்று தேய்ந்து கிடக்கும்.

உங்கள் வீட்டில் ஐகியாவின் எக்டோர்ப் சோபா இருந்தால் அதுவும் ஊர்ப்பெயர்தான்: 'எக்' ஓக் மரம், மிச்சம் டோர்ப். ஐகியா (IKEA) என்ற பெயரிலேயே இரண்டு இடப்பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் இரண்டு எழுத்து நிறுவனர் இங்வார் காம்ப்ராடின் முதலெழுத்துகள். அடுத்தவை அவர் வளர்ந்த எல்ம்தாரீட் பண்ணை, அகுன்னாரீட் கிராமம் ஆகியவற்றின் முதலெழுத்துகள். 'ரீட்' என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். 1943இல் கம்பெனி தொடங்கியபோது பண்ணையின் பெயரை 'ஈ' (E) போட்டு எழுதினார். இன்றைய ஸ்வீடிஷ் எழுத்துமுறையில் அது இரட்டைப் புள்ளி வைத்த 'ஏ' (Ä). கடைப் பலகையில் மட்டும் பழைய 'ஈ' அப்படியே நிற்கிறது.