கவாத்துக் கிளைகள் எரிபொருளாகுமா? சில கேள்விகள்

கேள்வி: கவாத்து முடிந்த கையோடு கிளைகளைத் துண்டாக்கிக் குவித்தேன். ஒரே வாரத்தில் குவியலின் உட்புறம் சுடுகிறது, பூசண வாடையும் வருகிறது. ஏன்?

பதில்: பச்சையாகத் துண்டாக்கியதுதான் காரணம். புதிதாக வெட்டிய கிளையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் மரத்தைத் தின்னும்போது எழுவதே அந்தச் சூடு. உங்கள் எரிபொருள் அங்கேயே கரைந்துகொண்டிருக்கிறது. பெரிய குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கவும் கூடும். உடனே கலைத்து மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். பூசணத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் கிளறாதீர்கள்.

அடுத்த முறை கிளைகளை முழுசாகவே காற்றோட்டமான இடத்தில் சில மாதம் காயவிட்டு, அப்புறம் துண்டாக்குங்கள். இலையோடு வெட்டியிருந்தால் இலைகளை உருவ வேண்டாம், கிளையின் ஈரத்தை அவையே இழுத்து வெளியேற்றும். காய்ந்து உதிர்கிற இலை மண்ணுக்கு உரம். ஈரமே இல்லாமல் காய்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி ஈரத்தோடு இருக்கும் ஒரு கிலோவிலிருந்து 8 கிடைத்தாலே அதிகம். துண்டாக்கும் இயந்திரம் வாங்குவதற்கு முன் காயவைக்க இடம் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: சாண எரிவாயுக் கலனில் போடலாமா?

பதில்: வேண்டாம். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினைக் கலனிலுள்ள நுண்ணுயிர்களால் செரிக்க முடியாது. எத்தனால் எடுப்பதற்கும் அதே லிக்னின்தான் தடை. அதை உடைக்க ஆலை வேண்டும், தோட்டத்தில் ஆகிற வேலை இல்லை.

கேள்வி: கிளைகளைத் தூளாக்கி அழுத்திப் பெல்லட் (சிறு எரிபொருள் உருளை) ஆக்கினேன். அடுப்பில் சாம்பல் கட்டியாக உறைகிறது.

பதில்: மெல்லிய சிம்புகளில் மரத்தைவிடப் பட்டையின் பங்கு அதிகம், பட்டையில் சாம்பலும் அதிகம். தரையில் இழுத்து வந்த கிளை என்றால் மண்ணும் சேர்ந்திருக்கும். பட்டையிலுள்ள பொட்டாசியமும் மண்ணும் சேர்ந்து உருகித்தான் அந்தக் கட்டி உண்டாகிறது. தடித்த கிளைகளைத் தனியாகப் பிரித்துப் பெல்லட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சிம்புகளைத் துண்டாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவிடலாம். எல்லாவற்றையும் எரித்துத் தீர்க்க வேண்டியதில்லை, மண்ணுக்கும் பங்கு வேண்டும்.

கேள்வி: நோய் தாக்கிய கிளைகள்?

பதில்: மூடாக்குக்குக் கூடாது, தோட்டத்தில் காயவைக்கவும் கூடாது. தனியாக அப்புறப்படுத்தி முதலில் எரியுங்கள். செம்பு கலந்த மருந்து அடித்த கிளை என்றால் இன்னொரு கவனம் தேவை. செம்பு தீயில் அழியாமல் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பலைத் திரும்பத் திரும்ப ஒரே பாத்தியில் கொட்டாதீர்கள்.