கடல்நீரின் யுரேனியம் உப்பில் சேருமா?

கேள்வி: கடல்நீரில் யுரேனியம் கார்பனேட்டோடு சேர்ந்து கரைந்திருக்கிறதாமே! எங்கள் பாத்தியில் உப்போடு அதுவும் படிகமாகிவிடுமா?
(உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்)

பதில்: முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சாப்பாட்டு உப்பு சுமார் 27 கிராம், யுரேனியமோ சுமார் 3.3 மைக்ரோகிராம். அத்தனையும் உப்போடு வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 10 கிராம் உப்பில் 1.2 மைக்ரோகிராம்தான் இருக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஆகவே பயம் வேண்டாம்.

அது உப்புப் படிகத்துக்குள் எளிதில் புகவும் புகாது. யுரேனியத்தின் மேலும் கீழும் ஒவ்வோர் ஆக்சிஜன், சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில், நேர்கோட்டில் நிற்கும்; இந்த மூன்றணுக் கூட்டுதான் யுரேனைல். இடுப்பைச் சுற்றி மூன்று கார்பனேட்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜனால் பிடித்துக்கொள்வதால், சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராமில் ஓர் அறுகோணம் அமைகிறது. மொத்த மின்சுமை எதிர் 4. கடலில் பெரும்பாலும் இரண்டு கால்சியம் ஒட்டிக்கொண்டு அந்தச் சுமையைச் சமன் செய்துவிடும். இவ்வளவு பெரிய கொத்துக்கு, உப்புப் படிகத்தில் ஒரு குளோரைடு உட்காரும் இடம் எப்படிப் போதும்?

இந்தக் கொத்தையே சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகத்தோடு படிகமாக்குவதும் உண்டு. பொட்டாசியம் கார்பனேட் தாராளமாக உள்ள கரைசலில் யுரேனைல் நைட்ரேட்டைக் கரைத்து மெல்ல வற்றவிட்டால் மஞ்சள் படிகம் வரும். ஒரு கொத்துக்கு நான்கு பொட்டாசியம். (உரிமம் பெற்ற ஆய்வகத்தில் மட்டும்.) கோட்டை விடுவது பெரும்பாலும் கார்பனேட் அளவில்தான். ஒரு யுரேனைலுக்கு மூன்று கிடைக்காவிட்டால், மூன்று யுரேனைல்கள் ஆறு கார்பனேட்டைப் பங்கிட்டுக்கொண்டு வேறு கொத்தாகிவிடும். அமிலம் பட்டாலோ கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறிக் கொத்தே கலைந்துபோகும்.

சோடியமானாலும் பொட்டாசியமானாலும் கொத்து ஒன்றுதான், அடுக்குதான் மாறும். சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்துக்கு 1.38. ஆய்வகத்தில் வளர்த்த சோடியம் படிகம் முக்கோணத் தொகுதி என்ற படிக வகையைச் சேர்ந்தது; பொட்டாசியம் படிகம் ஒற்றைச்சரிவுத் தொகுதி. பின்னது அக்ரிகோலாயிட் என்ற கனிமமாக இயற்கையிலும் கிடைக்கிறது.

கேள்வி: கடலிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்க முடியாதா?
(கல்லூரி மாணவி, தொண்டி)

பதில்: முடியும். யுரேனைலைப் பற்றிக்கொள்ளும் அமிடாக்சிம் என்ற வேதிக்குழுவை ஏற்றிய பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) இழைகளைக் கடலில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால், கார்பனேட்டிடமிருந்து யுரேனைலை அவை மெல்லப் பறித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கிராமுக்கே சுமார் 300 டன் கடல்நீர் இழையைத் தொட்டுப் போக வேண்டும். அதுவும் துளி விடாமல் பிடித்தால்தான். கடலில் உள்ள வனேடியம் அதே இடங்களுக்குப் போட்டி போடும். பிடித்ததைக் கழற்ற அமிலம் ஊற்றினால் யுரேனியம் இறங்கிவிடும், கூடவே இழையும் கெடும். அதனால் சோடியம் கார்பனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் கழுவுவதுண்டு.