மறுநாள் வெயில் அடித்தால் ஏறலாமா?
ஏற்காட்டில் ஏறிப் பழகிய துணிவோடு மார்ச்சில் இமாச்சல மலைகளுக்குச் செல்வதாகவும், பனி பெய்த மறுநாள் வெயில் அடித்தால் ஏறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற வேண்டாம். பனி பெய்தபின் வரும் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் பனிச்சரிவு (மலைச்சரிவில் பனி மொத்தமாகச் சரிந்து விழுவது) ஆபத்து மிகவும் அதிகம். வெயில் அதைக் கூட்டவும் கூடும். சேலத்துக்காரருக்குச் சொல்வதானால், அடியில் காய்ந்த ஜவ்வரிசியைப் போல ஒட்டாமல் உதிரும் பனிமணிகள் கிடக்க, அவற்றின்மேல் காற்று இறுக்கிய பனிப்பாளம் அமர்ந்திருக்கும்போது, ஒருவருடைய எடை ஏறியதுமே அந்தப் பாளம் மொத்தமாகக் கழன்று சரியலாம். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. காலடியில் 'வும்' என்று அமுங்கும் ஒலி கேட்டாலோ விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைவதால், டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), ஷவல் (பனியைத் தோண்டும் மண்வாரி) மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்குமா என்று, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வழிகாட்டியிடம் கேளுங்கள்.