ஆப்பிரிக்கா டிக்கெட்டும் தம்பியின் கையெழுத்தும்

அன்புள்ள அக்கா,

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 41, கல்யாணம் ஆகவில்லை, துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறேன், இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் கேட்டிருக்கிறேன். வீட்டைப் பார்க்க இன்னும் ஆள் வரவில்லை. அதற்குள் ரொம்ப நாள் ஆசையான கென்யாவுக்குப் பத்து நாள் தனியாகப் போய்வர நினைக்கிறேன். தம்பி, "குழந்தை வேணும்னு எழுதிக் கொடுத்துட்டு ஊர் சுத்தப் போறியாக்கா" என்று கத்துகிறான். நான் இல்லாமல் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக அவன்தான் கடிதம் தரவேண்டும், அதில் கையெழுத்துப் போடமாட்டானாம். ஆபீசில் ஒருவர், அங்கே ஏதாவது அனாதை இல்லத்தில் ஒரு வாரம் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், பழக்கம் வரும் என்கிறார். நான் நினைப்பது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

போய் வாருங்கள். பதில் அவ்வளவுதான், ஆனால் தம்பியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

நீங்கள் நீட்டிய காகிதம் என்ன சொல்கிறது? அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்கிறது. தனியாளாகத் தத்தெடுப்பவர்களிடம் இதைக் கேட்கத்தான் கேட்பார்கள். அக்கா செத்துப்போவதை மனசுக்குள் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் யாராலும் அதில் கையெழுத்துப் போட முடியாது. அதைக் கொடுத்த கையோடு ஆப்பிரிக்காவுக்குத் தனியாகப் போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பாவம், வேறென்ன செய்வார். நம்ம பக்கம் பயம் கோபமாகத்தான் வெளியே வரும். புயல் கூண்டு ஏற்றிய ராத்திரியில் காசிமேட்டுக் கரையில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, கடலுக்குப் போனவனைத் திட்டிக்கொண்டேதான் நிற்பார்கள்.

கென்யாவுக்கு நான் போனது 2018-ல், இதே மாதிரி குழந்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது. நைரோபியில் இருந்தேன், இங்கே ராயபுரத்து வீட்டுக்குத் தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்திருக்கிறது. எடுத்த அம்மா, "அவ யானை பாக்க ஆப்பிரிக்கா போயிருக்கா, எப்ப வருவாளோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் வீட்டைப் பார்க்க வந்த சமூகப் பணியாளர் சோபாவில் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டது, "இப்படிக் கிளம்பிப் போறவங்க குழந்தையை யார்கிட்ட விடுவீங்க?" எனக்குச் சுருக்கென்றது. கூட்டிக்கொண்டு போவேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கேட்ட விதம் எரிச்சலூட்டினாலும் கேள்வி நியாயமானது, என் பதில்தான் அசட்டுத்தனம். அதனால் நீங்களே முந்திக்கொண்டு நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால்தான் அது குற்றமாகத் தெரியும்.

யானை பார்க்கப் போனேன் என்று அம்மா சொன்னது பொய்யில்லை. நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டி இல்லம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்க்கிறார்கள், அறக்கட்டளை 1977-லிருந்து நடக்கிறது. காலை 11 மணிக்கு ஒரு மணி நேரம் நம்மை உள்ளே விடுவார்கள். முதுகில் கம்பளி போர்த்திய குட்டி ஒன்று பெரிய பால் பாட்டிலைத் தும்பிக்கையால் தானே பிடித்துக்கொண்டு, அடியில் கடைசிச் சொட்டு தீர்ந்த பிறகும் விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்ததை நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பாலைக் கண்டுபிடிக்க, அறக்கட்டளையைத் தொடங்கிய டாப்னி ஷெல்ட்ரிக் பல வருஷம் போராடியிருக்கிறார், மாட்டுப்பால் கொழுப்பு குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய். (இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அந்தப் பயணத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.)

அந்தப் பாலில் அவர் வளர்த்த ஆயிஷா என்ற குட்டி அவரையே தாயாக நினைத்துவிட்டது. அப்போது சாவோ பூங்காவில் இருந்த டாப்னி மகள் கல்யாணத்துக்காக நைரோபிக்குப் போக, குட்டி சாப்பிடாமல் ஏங்கிக் கிடந்து செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் ஒரு குட்டி ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளாதபடி பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றி விடும் வழக்கம் வந்தது. ராத்திரி குட்டியோடு கொட்டடியில் படுப்பவரும் தினம் மாறுவார்.

யானைக்கு அப்படி மாற்றலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு மாற்ற ஆளில்லை. என் மகள் வந்தபோது இரண்டரை வயது. முதல் ஆறேழு மாதம் என் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், ஒற்றைச் செருப்போடு அம்மா எங்கேயும் போக முடியாது என்பது அவள் கணக்கு. கல்மண்டபம் மார்க்கெட்டுக்குக்கூட அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். நீங்கள் கேட்டிருக்கும் வயதும் கிட்டத்தட்ட அதேதான். அப்போது பத்து நாள் கென்யா என்ற பேச்சே கிடையாது, இரண்டு மூன்று வருஷத்துக்குக் கிடையாது. தம்பி தலைகீழாகப் பிடித்திருப்பது இதைத்தான். குழந்தை வரப்போகிறது, அதனால்தான் இப்போது போகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆபீஸ்காரர் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்தவர் பிள்ளை மேல் பழகிப் பார்க்க அது என்ன தையல் வகுப்பா. ஒரு வாரம் தூக்கிக் கொஞ்சிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அடுத்த வாரம் இன்னொரு ஆள் வருவார், அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் ஒட்டி ஒட்டிப் பிய்ந்துவரும்? அந்த இல்லங்களில் இருக்கிற நிறையப் பிள்ளைகளுக்குப் பெற்றவரோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் கொண்டுவந்து விடுகிறது. பார்க்க வருகிறவர்களின் காசுக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கிற இடங்களும் உண்டு, 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே இதைப் பற்றிக் கவலைப்பட்டுத் தீர்மானம் போட்டது. வெளிநாட்டவர் தத்தெடுப்பதைக் கென்யா 2014-லேயே நிறுத்திவைத்துவிட்டது.

பிள்ளைகளைப் பார்க்காமலேயே அந்த ஊர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. அங்கே வளர்ந்த பெண் யாராக இருந்தாலும் 'மாமா'தான், சுவாஹிலியில் அம்மா என்று அர்த்தம், முதல் நாள் என்னைக் கூப்பிட்டபோது எந்த மாமா என்று திரும்பிப் பார்த்தேன். நம் தெருவில் 'குமார் அம்மா', 'செல்வி அம்மா' என்கிற மாதிரியே பிள்ளை பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். டீக்கடையில் ஒரு அம்மா, "மாமா நானி?" என்று கேட்டார். யாரோட அம்மா நீ என்கிறார். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படிச் சொல்லக்கூடாது, 'பாடோ' என்று சொல் என்று என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். இன்னும் இல்லை என்று பொருள். பிள்ளை உண்டா என்றால் அங்கே 'இல்லை' என்று முடிப்பதில்லை. வண்ணாரப்பேட்டையில் எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேர் உங்களிடம் கேட்டிருப்பார்கள், எனக்குத் தெரியாதா.

சரி, வேலையைப் பார்ப்போம். நீங்கள் கேட்ட வயதுக்குள் குழந்தை பொருந்தி வந்தால் செய்தி போனுக்கும் மெயிலுக்கும் வரும், 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம், எங்கிருந்தாலும் சரி. வீடு பார்ப்பதே பாக்கி என்பதால் இந்தப் பயணத்தில் வர வாய்ப்பில்லை, ஆனாலும் நம்ம ஊர் சிம்மை ரோமிங்கோடு வைத்திருங்கள், நிறுவனம் கூப்பிடும். குழந்தையின் மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரையும் இப்போதே பார்த்துவையுங்கள். கென்யாவுக்கு 2024-லிருந்து விசா கிடையாது, இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும். பெருமழை மார்ச்சிலிருந்து மே வரை, அதைத் தவிருங்கள். மொம்பாசா பக்கம் இறங்குவதாக இருந்தால் மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இருட்டிய பிறகு நைரோபி நடுவில் நடக்காதீர்கள், டாக்சி போடுங்கள். இட்லிப் பொடியை டப்பாவில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பைக்கு அங்கே 2017-லிருந்து தடை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், போட்டதற்கான அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஆறு நாள் வரை தனியாக அடைத்துவைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆனால் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் போடுகிறார்கள், உங்கள் ஆபீசுக்கும் பக்கம்தான். முதலில் நாள் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள், முடிந்தால் தம்பியையும் அழைத்துப்போங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், அந்தக் கடிதத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.