வானத்தின் பேரில் எழுதும் கணக்கு

கேள்வி: “மோசமான வானிலை காரணமாக ரயில்கள் தாமதம்” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா? மழைக்கும் வெயிலுக்கும் ரயில் நிர்வாகம் என்னதான் செய்ய முடியும்?
– ஒரு வாசகர்

பதில்: பாதிப் பொறுப்பு வானத்துடையதுதான். மீதிப் பாதியைத் தேட, தண்டவாளத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும்.

தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி கொட்டியிருப்பது ரயிலின் எடையைப் பரப்பித் தாங்குவதற்கு, கூடவே தண்ணீர் வடிவதற்கு. ஜல்லிக்கிடையே மண் அடைந்து, பக்கத்து வடிகாலும் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் அங்கேயே ஊறும். அப்புறம் ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் ஸ்லீப்பர் அமுங்கி எழுந்து, பம்பு மாதிரி சேற்றை மேலே துப்பும். கருங்கல் ஜல்லிக்கு நடுவே வெளிறிய சேற்றுத் திட்டு காய்ந்து கிடந்தால் அது இந்த வேலைதான். அந்த இடத்தில் பாதை மட்டம் இழக்கும். மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை நடுவார்கள். அறிவிப்பில் அதன் பெயர் ‘மழை’.

வெயிலுக்கும் இதே கதைதான். ஒரு கிலோமீட்டர் இரும்புப் பாதை 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடையில்லாமல் விட்டால் சுமார் 46 செ.மீ. நீளும். இப்போதைய பாதைகள் பெரும்பாலும் இடைவெளியே இல்லாமல் பற்றவைக்கப்பட்டவை, நீள இடமில்லை. அவ்வளவு விசையையும் உள்ளே அடக்கி வைத்திருப்பது ஸ்லீப்பரும் பக்கத்து ஜல்லியும்தான். ஜல்லி சரிந்த இடத்தில் தண்டவாளம் பாம்பு போல நெளிந்துவிடும். அதனால்தான் உச்சி வெயிலில் வேகத்தைக் குறைக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வேகத்தைக் குறைப்பது சும்மா வருவதில்லை. பிரேக் போட்டு இறக்கிய வேகத்தை மறுபடி ஏற்ற மின்சாரமோ டீசலோ வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரே வரும் ரயில் காத்திருக்கும். ஓட்டுநரின் வேலை நேரம் நடுவழியில் முடிந்துபோகும். மாற்று ஆளை அனுப்ப வேண்டும். அதே பெட்டிகள் மாலையில் வேறு ரயிலாகக் கிளம்ப வேண்டியவை; அதுவும் தாமதம். குளிர்நாடுகளில் உதிர்ந்த இலைகள் நசுங்கிப் பாதையின் மேல் வழவழப்பான கறுப்புப் பூச்சாகப் படியும். பிரேக் பிடித்ததும் சக்கரம் சுழலாமல் வழுக்கி, ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். அப்புறம் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே ஓடும். பணிமனையில் கடைந்து வட்டமாக்கும் வரை அந்தப் பெட்டி வருமானம் தராது. இலைக்கு யார் பில் அனுப்புவது?

சரி, ‘இயற்கைச் சீற்றம்’ என்ற சொல்லுக்கு வருவோம். 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயலின்போது ஜப்பானின் நகானோவில் ஆறு கரை உடைத்தது. பணிமனையில் நின்ற 10 புல்லட் ரயில்கள், மொத்தம் 120 பெட்டிகள், தண்ணீரில் மூழ்கின. அத்தனையும் கழித்துக் கட்டப்பட்டன. அந்த இடம் வெள்ள அபாய வரைபடத்தில் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. நேர ஒழுக்கத்துக்குப் பேர்போன ஜப்பானே வரைபடத்தைப் பார்த்துவிட்டு ரயில்களை மேட்டுக்கு ஓட்டிப்போகவில்லை.

ஸ்காட்லாந்தின் கார்மான்ட் என்ற இடத்தில் நடந்த விபத்து இன்னும் கசப்பானது. 2020 ஆகஸ்ட் 12 காலை பெருமழை. முன்னே மண்சரிவு என்பதால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ரயில், வடிகாலிலிருந்து அடித்துவரப்பட்ட சரளைக் கற்களில் ஏறித் தடம் புரண்டது. ஓட்டுநர், கண்டக்டர், ஒரு பயணி என மூவர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: அந்த வடிகால் வரைபடத்தில் உள்ளபடி கட்டப்படவே இல்லை. ரயில் சென்ற வேகம் மணிக்கு சுமார் 117 கி.மீ.; அந்தப் பாதையில் வழக்கமாக அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கு உட்பட்டதுதான். அத்தனை மழைக்குப் பிறகும் யாரும் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பாதையைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு 2023-இல் நீதிமன்றம் 67 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வடிகாலை ஒழுங்காகக் கட்டிக் கண்காணிக்க இதில் எத்தனை பங்கு ஆகியிருக்கும்!

கணக்குப் புத்தகத்தில்தான் சூது. தூர் வாராமல் விட்ட பணம் ‘சிக்கனம்’ என்ற பக்கத்தில் ஏறும். கரை அரித்த பிறகு செய்யும் செலவு ‘பேரிடர்’ என்ற பக்கத்தில் ஏறும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கும் அதிகாரி யாரும் இருப்பதில்லை. அப்படிச் சேர்த்துப் படிக்காதவரை முதல் பக்கத்தை எழுதியவருக்குப் பாராட்டுதான் கிடைக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. கால அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முன்னால் தாராளமாக நேரம் ஒதுக்கிவிடுவது. வழியெல்லாம் தாமதமான ரயில் கடைசியில் ‘சரியான நேரத்துக்கு’ வந்து சேரும். புள்ளிவிவரம் அழகாக இருக்கும்; நடு நிலையத்தில் இறங்கியவருக்குத்தான் உண்மை தெரியும்.

புயல் காற்றில் ரயிலை நிறுத்தி வைத்தால் முணுமுணுக்காதீர்கள். அந்தத் தாமதம் நியாயமானது. மற்ற நாட்களில் ‘வானிலை’ என்று அறிவித்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தக் கிலோமீட்டரில்? போன மழைக்கும் அதே கிலோமீட்டரில்தான் நின்றது என்றால், இத்தனை மாதமாக அங்கே யார் மண்வெட்டியோடு போனார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.