வாசகர் கேள்வி: வரப்பில் இரண்டு கீழாநெல்லி

கேள்வி: சம்பா அறுவடை முடிந்த எங்கள் வயலின் வரப்பில் கீழாநெல்லி போலவே இருவகைச் செடிகள் நிற்கின்றன. ஒன்றின் தண்டு பச்சை, மற்றதன் தண்டு சிவப்பு. இரண்டும் ஒன்றுதானா? காமாலைக்கு மோரில் கலந்து கொடுக்க எதைப் பறிப்பது என்று வீட்டில் ஒரே விவாதம்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும் பில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. பச்சைத் தண்டுள்ளது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ், அதாவது நாம் வழக்கமாகக் கீழாநெல்லி என்பது. சிவந்தது பில்லாந்தஸ் யூரினேரியாவாக, அதாவது சிவப்புக் கீழாநெல்லியாக இருக்கலாம். நல்ல வெயிலில் நிற்கும் களைகள் பலவற்றுக்கும் தண்டு சிவப்பது உண்டு என்பதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

காய்தான் சாட்சி. இலைக்கிளை ஒன்றைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். அமாரஸில் காய் வழவழப்பாக, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள காம்பில் தொங்கும். யூரினேரியாவில் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டிக்கொண்டு, மேற்புறம் சொரசொரப்பாக இருக்கும். இன்னும் ஐயம் இருந்தால், முற்றிய காய்களை வெள்ளைத்தாளில் பரப்பி, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காய் உலர்ந்து வெடிக்கும்போது, ஆரஞ்சுச் சுளையின் வடிவில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள விதைகள் தெறித்து விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அமாரஸ் விதையின் முதுகில் கோடுகள் நெடுக்காக ஓடும். யூரினேரியாவில் குறுக்காக ஓடும். இந்த அடையாளம் ஏமாற்றாது.

பூவிதழ்களை எண்ணும் வழியும் உண்டு: அமாரஸில் ஐந்து, யூரினேரியாவில் ஆறு. ஆனால் பில்லாந்தஸ் ஃப்ரட்டர்னஸ் என்ற இன்னொரு கீழாநெல்லிக்கும் ஆறுதான் என்பதால், அதை மட்டும் நம்பினால் குழப்பம் மிஞ்சும். பழைய மூலிகை நூல்களோ இவற்றுள் பலவற்றுக்கும் பில்லாந்தஸ் நிரூரி என்றே பெயர் போட்டுவிட்டன. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய அப்பெயர் உண்மையில் அமெரிக்கச் செடி ஒன்றுக்கு உரியது.

மருந்து பற்றி ஒரு சொல். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் பலன் தந்ததாக 1988இல் வெளியான சென்னை ஆய்வு அமாரஸ் செடியை வைத்தே நடந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. காமாலைக்குக் காரணங்கள் பல என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும் பறிப்பதானால் காய்த்த செடியையே பறியுங்கள். காயில்லாத இளஞ்செடியைக் காட்டி இதுவா அதுவா என்று கேட்டால், நானும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.