கேள்வி: 10 கோடி டாலரை வேண்டாம் என்று சொன்ன டியான்டே வைல்டர் முட்டாளா? குத்துச்சண்டை வீரர்கள் ஏன் பெரிய பணத்தை மறுக்கிறார்கள்?

முட்டாள் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த சரக்கு சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. அதை அவர் சரியாகக் கணக்குப் போடவில்லை என்பது என் எண்ணம்.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா ஊர்க்காரர். முதன்முதலில் கையுறை மாட்டும்போதே வயது 20. மகள் பிறக்கும்போதே முதுகுத்தண்டில் குறை. கல்லூரியை விட்டுவிட்டு ஓட்டலில் வேலை பார்த்து, பீர் லாரி ஓட்டி, அப்புறம்தான் குத்துச்சண்டைக்கு வந்தார். மூன்றே வருடத்தில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2015 ஜனவரியில் டபிள்யூபிசி (உலகப் பட்டம் தரும் நான்கு பெரிய அமைப்புகளில் ஒன்று) ஹெவிவெயிட் பட்டம்.

நுணுக்கம் சுமார்தான். கால் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஆனால் அந்த வலது கை இருக்கிறதே! 2019 நவம்பரில் லூயிஸ் ஓர்ட்டிஸுடன் இரண்டாவது முறை மோதினார். ஆறு ரவுண்டு வரை ஆட்டம் முழுக்க ஓர்ட்டிஸ் பக்கம். ஏழாவது ரவுண்டில் ஒரே குத்து, முடிந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் போய் நிதானமாக யோசி என்று யார் சொல்ல முடியும்? அவர் வாழ்க்கையே அந்த ஒரு குத்தை நம்பித்தான் ஓடியது.

சரி, பணத்துக்கு வருவோம். 2018இல் மற்ற மூன்று பெரிய பெல்ட்டுகளும் இங்கிலாந்தின் ஆந்தனி ஜோஷுவாவிடம் இருந்தன. அவருக்கு 5 கோடி டாலர் தருகிறோம் என்று வைல்டர் தரப்பு சொன்னது. ஜோஷுவாவின் ப்ரொமோட்டர் (சண்டைகளை ஏற்பாடு செய்து பேரம் பேசுபவர்) எடி ஹெர்ன் அதைத் திருப்பி, வைல்டருக்கு ஒன்றரைக் கோடி தருகிறேன் என்றார். அது மொத்தமாகப் பேசிய கூலி. டிக்கெட், டிவி எவ்வளவு விற்றாலும் அதற்கு மேல் காலணா கிடையாது. இங்கே வைல்டர் மறுத்ததில் தப்பே இல்லை என்பேன். மாங்காய்த் தோப்பில் பாதிக்குச் சொந்தக்காரனைக் கூப்பிட்டு, ஒரு நாள் கூலிக்குப் பறிக்க வா என்றால் வருவானா?

2019 மார்ச்சில் வந்ததுதான் நீங்கள் கேட்கும் சமாச்சாரம். டாசோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனம் மூன்று சண்டைகளுக்கு 10 கோடி டாலர் என்றது. முதலில் டொமினிக் பிரீசீலுடன் ஒன்று, பிறகு ஜோஷுவாவுடன் இரண்டு. வைல்டர் வேண்டாம் என்று விட்டு, பழையபடி ஷோடைம் சேனலில் பிரீசீலைச் சந்தித்து முதல் ரவுண்டிலேயே படுக்க வைத்தார்.

ஏன் மறுத்தார்? எல்லோரும் திமிர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் டாசோனுக்குச் சண்டைகளை ஏற்பாடு செய்து கொடுத்ததே அதே எடி ஹெர்ன். அதாவது எதிராளியின் ப்ரொமோட்டர் வீட்டுக்குள் குடிபுக வேண்டும். தோற்றால் அங்கே உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. ஜெயித்தாலும் அடுத்த பேரத்தில் வெளியே போக வழி இருக்காது. ‘எட்டாத பலாக்காயைவிடக் கிட்டிய களாக்காய் மேல்’ என்று நாம் சொல்லலாம். ஆனால் நாற்பது சண்டைக்கு மேல் தோல்வியே காணாதவனுக்குப் பலாமரம் தன் கொல்லையில் நிற்பது போலத்தான் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜோஷுவாவுடன் மோத வேண்டிய ஜாரெல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டார். அந்த இடத்தை ஓர்ட்டிஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் மறுத்தார். தொப்பையும் தொந்தியுமாக இருந்த ஆண்டி ரூயிஸ், இன்ஸ்டாகிராமில் ஹெர்னுக்குச் செய்தி அனுப்பி வாய்ப்புக் கேட்டார். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. ரூயிஸின் உடம்பைப் பார்த்து நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது ரவுண்டுக்குள் ஜோஷுவாவை நான்கு முறை கீழே தள்ளி, எல்லா பெல்ட்டையும் அள்ளிக்கொண்டு போனார்.

பணத்தை மறுப்பதில் ஜோஷுவா தரப்பும் சளைத்ததில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அந்த 5 கோடியை விட்டதற்குக் காரணம், ஆபத்துக் குறைந்த ஆட்களை வைத்தே அரங்கத்தை நிரப்பலாம் என்ற நம்பிக்கை. ஆபத்துக் குறைந்த ஆள் என்று அவர்கள் நினைத்தவர்தான் ரூயிஸ்.

பயத்தினால் மறுத்தவர்களும் உண்டு. 1992 டிசம்பரில் ரிடிக் போ என்ற சாம்பியன் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். லெனாக்ஸ் லூயிஸுடன் மோதாமல் தப்பிக்கத்தான் என்று ஊரே பேசியது. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் லூயிஸ் அவரை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தவர். தொழில்முறையில் இருவரும் கடைசிவரை மோதவே இல்லை. வைல்டரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் இங்கிலாந்தின் இன்னொரு பெரிய ஹெவிவெயிட் வீரரான டைசன் ஃப்யூரியுடன் மூன்று முறை மோதியவர்.

அந்த இரண்டாவது மோதல், 2020 பிப்ரவரி, லாஸ் வேகஸ். டிக்கெட் வசூல் மட்டும் சுமார் 1.69 கோடி டாலர். நெவாடாவில் ஹெவிவெயிட் சண்டைக்கு அதுவரை அவ்வளவு வசூல் வந்ததில்லை. ஆக, 10 கோடியை விட்டவர் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் ஏழாவது ரவுண்டில், போதும் நிறுத்துங்கள் என்று அவர் பக்கத்திலிருந்தே துண்டு பறந்தது. வளையத்துக்கு நடந்து வரும்போது போட்டிருந்த 18 கிலோ உடுப்பு கால்களைத் தளர்த்திவிட்டது என்று அவர் பிறகு சொன்னார். (அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.) 2021இல் மூன்றாவது மோதலிலும் தோல்வி.

நான் கெட்டுப்போகும் சரக்கு என்றது இதைத்தான். ஜாபும் (முன்கையால் போடும் நேர்குத்து) தற்காப்பும் உள்ளவன் ஒரு தோல்விக்குப் பிறகும் விலை போவான். ஒரே குத்தை நம்பியவனுக்கு, அந்தக் குத்தை வாங்கிக்கொண்டும் ஒருவன் நிற்கிறான் என்று ஊர் பார்த்துவிட்டால், மறுநாளே விலை சரியும். வைல்டருக்கு விலை உச்சத்தில் இருந்தது 2019இல்.

கடைசியில் 2023 டிசம்பர், ரியாத். ஒரே இரவில் வைல்டருக்கு ஜோசஃப் பார்க்கர், ஜோஷுவாவுக்கு ஓட்டோ வாலின். இருவரும் ஜெயித்தால் அடுத்தது அவர்களுக்குள் என்று பேச்சு. முதலில் ஏறிய வைல்டர் பன்னிரண்டு ரவுண்டும் கையை வீசவே தயங்கி, புள்ளிக்கணக்கில் தோற்றார். அதன் பிறகு ஜோஷுவா ஏறி, ஐந்தே ரவுண்டில் வேலையை முடித்தார்.